நம்பர் குத்த எதுக்குய்யா பயம்?

டிஸ்கி: கைத்துப்பாக்கி செய்வது எப்படி என்று இதில் ஒரு வரிகூடக் கிடையாது. அதைத் தேடி வந்தவங்க இப்படியே கிளம்பிடலாம் :-) இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம் பாயும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். நான் பேசப் போவது அமெரிக்கக் கதை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அமெரிக்காவில் வீட்டு கராஜில் என்னென்னவோ செய்வாங்க. ஒருத்தர் பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டுவார். இன்னொருத்தர் கிடார் இழைப்பார். வேறொருத்தர் கைத்துப்பாக்கி கட்டுவார். ஆமாங்க, நிஜத் துப்பாக்கிதான். ஊர்லேர்ந்து புதுசா வர்ற நம்மாளுங்களுக்கு இதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போடும். "என்னது, வீட்லயேவா? போலீஸ் பிடிக்காதா?" என்பார்கள். பிடிக்காது. துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர், விற்கிற நோக்கம் இல்லாமல், தன் சொந்த உபயோகத்துக்குச் சாதாரணக் கைத்துப்பாக்கி ஒன்றைச் செய்துகொள்வதை அங்கே மத்திய அரசின் சட்டம் தடுப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி கிளம்பிடும். துப்பாக்கி கட்டுறவன் எல்லாம் பைத்தியக்காரன் என்பது ஒரு கட்சி. என் வீடு, என் அரம், என் இரும்பு, அதில் நம்பர் குத்தச் சொல்ல நீ யார் என்பது இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டு பேரோடவும் சண்டை இருக்கு.

முதலில் பைத்தியக்காரன் கட்சி.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் அதிகம் மயங்கிக் கிடப்பது '1911' என்கிற கைத்துப்பாக்கியில். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது. அவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர், அப்பாவும் துப்பாக்கி செய்கிற ஆசாரிதான். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. 1985-ல் இத்தாலிய பெரெட்டா அந்த இடத்துக்கு வரும் வரை முக்கால் நூற்றாண்டு இதுதான் ராணுவத்தின் கைத்துப்பாக்கி. பிரவுனிங் 1926-ல் பெல்ஜியத்தில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே இறந்து போனார். அப்போதும் கையில் ஒரு புதுக் கைத்துப்பாக்கி டிசைன்தான் இருந்தது.

காப்புரிமை எல்லாம் எப்பவோ காலாவதி. அதனால் ஃப்ரேம், ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றையும் ஆளுக்கொரு கம்பெனி தயாரித்து விற்கிறது. ஆனால் வாங்கி வந்து டக் டக்கென்று மாட்டிவிட முடியாது. நல்ல பாகங்களைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டிருப்பார்கள். ஸ்லைடு ஃப்ரேமில் ஆடாமல், அதே சமயம் சிக்காமல் ஓட வேண்டும். பேரல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்கார வேண்டும். அதெல்லாம் அரத்தால் ராவி, மசி தடவிப் பார்த்து, மறுபடி ராவி, பொறுமையாகக் கொண்டு வருகிற வேலை. ஜெர்ரி குன்ஹாசென் எழுதிய பட்டறைக் கையேடுதான் இவங்களுக்கு வேதம்.

1970களில் இந்தக் கலையைப் பெரிதாக வளர்த்தது துப்பாக்கிப் போட்டிகள். 1976-ல் மிசௌரி மாநிலத்து கொலம்பியாவில் கூடித்தான் சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மறு வருஷமே ஆர்கன்சா மாநிலத்தில் பில் வில்சன் துப்பாக்கிக் கடை போட்டார். அவர் அடிப்படையில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். குடும்ப நகைக்கடையின் பின்பக்கத்தில் ஆரம்பித்த தொழில் அது. கடிகாரக்காரர் கை ஏன் இதில் செல்லுபடியானது என்று யோசித்தாலே இது எந்த மாதிரி வேலை என்று புரிந்துவிடும்.

என்னோடு வேலை பார்க்கும் டெக்சாஸ்காரர் ஒருத்தர், ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆறு வருஷத்தில் இரண்டே இரண்டு கட்டியிருக்கிறார். சனிக்கிழமை கராஜில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார். ட்ரிக்கர் சம்பந்தப்பட்ட உள்பாகங்களை மட்டும் தொடவே மாட்டார், அதற்கு லைசென்ஸ் உள்ள ஆசாரியிடம் போவார். "அங்கே ஒரு இழை தப்பாகத் தேய்த்தால், ஒரு அழுத்தலுக்கு இரண்டு குண்டு கிளம்பும். உயிரும் போகும், சட்டப்படி அது மெஷின் கன் ஆகிவிடும்" என்பார். இந்த மனுஷனைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீணை செய்கிறவரிடம் இருக்கிற அதே பொறுமைதான் இவரிடமும். செய்கிற பொருள்தான் வேறே. அந்த வேறே என்பது சாதாரண வேறே இல்லை என்பதும் அவருக்கு நல்லாவே தெரியும்.

அவர் ஃப்ரேம் வாங்கியது எப்படி தெரியுமா? அமெரிக்கச் சட்டத்துக்கு ஃப்ரேம்தான் 'துப்பாக்கி'. மற்றதெல்லாம் வெறும் உதிரிபாகம், தபாலில் வரும். 1968-ம் வருஷச் சட்டப்படி கம்பெனி தயாரிக்கிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் சீரியல் நம்பர் குத்தியாக வேண்டும். அதனால் ஃப்ரேமிலும் நம்பர் இருக்கும். லைசென்ஸ் உள்ள கடைக்குப் போய், படிவம் நிரப்பி, குற்றப் பின்னணி சரிபார்த்த பிறகுதான் அது கைக்கு வரும். இவர் அப்படித்தான் வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை. கைப்பிடிக் கட்டைக்கு அடியில் தன் பெயரின் முதலெழுத்துக்களையும் வருஷத்தையும் பொறித்து வைத்திருக்கிறார்.

இப்ப ரெண்டாவது கட்சி.

இந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. முக்கால்வாசி முடித்த ஃப்ரேமை, '80 சதவீதம்' என்று பெயர் வைத்து விற்றார்கள். முழுசாக முடியாததால் அது துப்பாக்கி இல்லை என்று வாதம். நம்பர் கிடையாது, படிவம் கிடையாது, பின்னணிச் சோதனை கிடையாது. மிச்ச பாகங்களையும் ஒரே டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஒரு விவரம் வருகிறது: அப்படி ஒரு கிட்டை, முன்பின் பார்க்காத ஒருவர் சாதாரணக் கருவிகளை வைத்து 21 நிமிஷத்தில் சுடுகிற துப்பாக்கியாக்கிவிட்டார்.

21 நிமிஷம்! நம்ம டெக்சாஸ்காரர் அரத்தைத் தேடி எடுக்கவே அவ்வளவு நேரமாகும் :-)

இது எந்த ஊர்க் கைத்தொழில்? இட்லி மாவு பாக்கெட்டைக் கத்தரிக்கிறவர் சமையல் கலைஞர் என்றால், இவரும் துப்பாக்கிக் கலைஞர்தான்.

கிண்டலோடு விட முடியாத விஷயம் இது. குற்ற இடங்களில் கிடைத்து, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் போலீஸ் அனுப்பிய நம்பரில்லாத் துப்பாக்கிகள் 2017-ல் சுமார் 1,600. 2021-ல் 19,000-க்கும் மேல். இதுவும் அதே தீர்ப்பில் இருக்கிற கணக்குதான். நம்பர் இருந்தால் தயாரித்த கம்பெனி, விற்ற கடை, வாங்கிய முதல் ஆள் என்று நூல் பிடித்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் போலீஸ் கையில் இருப்பது ஒரு இரும்புத் துண்டு.

2019 நவம்பர் 14. கலிபோர்னியா மாநிலம், சான்டா கிளாரிட்டா, சாகஸ் உயர்நிலைப் பள்ளி. 16-வது பிறந்தநாள் அன்று ஒரு மாணவன் பையிலிருந்து பாயிண்ட் 45 கைத்துப்பாக்கியை எடுத்தான். கூடப் படித்த இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். மூன்று பேருக்குக் காயம். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். கிட் வாங்கிச் சேர்த்த துப்பாக்கி அது, நம்பர் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற எந்த அப்பா அம்மாவுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு புது விதி கொண்டு வந்தது. இந்த மாதிரி கிட்களும் துப்பாக்கிக் கணக்குதான், நம்பரும் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்று. வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 26-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்த விதி சட்டத்துக்கு முரணானதில்லை என்றது. தீர்ப்பை எழுதியவர் துப்பாக்கி உரிமைக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாத நீதிபதி நீல் கோர்சச். கலிபோர்னியா இன்னும் முன்னாடியே போய், 2018 ஜூலையிலிருந்து, வீட்டில் செய்ய நினைப்பவர் முதலில் மாநில அரசிடம் நம்பர் வாங்க வேண்டும் என்று வைத்துவிட்டது.

ரெண்டாவது கட்சிக்காரர்கள் மூன்று வாதம் வைப்பார்கள்.

ஒன்று, நம்பர் குத்தினால் அரசாங்கம் பட்டியல் போட்டு நாளைக்கு வீடு வீடாக வந்து பிடுங்கும். அப்படி ஒரு தேசியப் பட்டியல் போடக் கூடாது என்று 1986-ம் வருஷச் சட்டமே தடை போட்டிருக்கிறது. வாங்கிய விவரம் இருப்பது விற்ற கடைக்காரரிடம்தான்.

இரண்டு, சுதந்திரப் போர்க் காலத்திலிருந்து எங்க பாட்டன் பூட்டன் வீட்டில் துப்பாக்கி செய்தவர்கள். சரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பாட்டன்களில் பலர் பேரலில் தன் பெயரை வெட்டி வைத்தவர்கள்ங்க. தன் வேலை என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று. பேரைச் சொல்லப் பயந்தா செய்தார்கள்?

மூன்று, திருடன் எப்படியும் செய்வான். 2013-லேயே பிளாஸ்டிக் துப்பாக்கியை 3டி பிரிண்டரில் அச்சடித்துக் காட்டிவிட்டார்களே, 2022-ல் ஜப்பானில் ஷின்சோ அபேயைக் கொன்றதே வீட்டில் செய்த துப்பாக்கிதானே. இதுதான் கொஞ்சம் கனமான வாதம். முடிவு கட்டிவிட்டவனைச் சட்டம் தடுக்காது, உண்மை. ஆனால் பூட்டை உடைக்கத் தெரிந்த திருடன் இருக்கிறான் என்பதற்காக யாராவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறோமா? மாசக்கணக்கில் உழைக்க வேண்டியது ஒரு தடை. கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டியது இன்னொரு தடை. கோபத்தில் இருப்பவன், சின்னப் பையன், ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவன், இவங்கள்ல பாதிப் பேராவது அங்கே நின்றுவிடுவார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். டப்பா கிட் இரண்டு தடையையும் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டது.

நான் சொல்ல வர்றது இதுதான். நம்பர் குத்துவதால் உண்மையான பொழுதுபோக்குக்காரருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அவர் அரம் அதேபோல் ராவும், ஸ்லைடு அதேபோல் ஓடும், போட்டியில் குண்டு அதே இடத்தில் விழும். நஷ்டம் எல்லாம் யார் செய்தது, யார் வாங்கியது என்று தெரியக் கூடாது என நினைப்பவனுக்குத்தான். அவனுக்காக இந்தக் கைத்தொழில்காரர்கள் ஏன் கொடி பிடிக்க வேண்டும்? இன்னும் நாலு சாகஸ் நடந்தால் மொத்தப் பொழுதுபோக்கையும் மூடச் சொல்லி ஜனங்கள் கிளம்புவார்கள். அப்போது கிட் விற்றவன் வேறே வியாபாரத்துக்குப் போயிருப்பான். கராஜைப் பூட்ட வேண்டியது அரத்தோடு உட்கார்ந்திருப்பவர்தான்.

நல்லா செஞ்சிருக்கேன்னு பெருமை இருந்தா, பேரைப் போடுங்க சாமி. கூடவே அந்த நம்பரையும்.