பனிமூட்டத்தில் எதை நம்பி இறங்குவது?

டெல்லி விமான நிலையத்தில் 10ஆம் ஓடுபாதையை ஜிபிஎஸ் துணையுடன் நெருங்கிய சில விமானங்கள், 2025 நவம்பரில் போலி சமிக்ஞைகளை எதிர்கொண்டன. நாடாளுமன்றத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சரே ஒப்புக்கொண்ட செய்தி இது. மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பில்லை என்றும் அவர் சொன்னார். காரணம், அங்கே பழைய தரைக் கருவிகள் வேலை செய்துகொண்டிருந்தன.

அவற்றில் முதன்மையானது ஐஎல்எஸ் எனும் கருவிவழித் தரையிறக்க அமைப்பு. ஓடுபாதையின் மறுகோடிக்கு அப்பாலுள்ள ஆண்டெனா ஒரே அலைவரிசையில் 90, 150 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகளை அனுப்புகிறது. இறங்கவரும் விமானி இடப்பக்கம் விலகினால் 90 ஓங்கும், வலப்பக்கம் விலகினால் 150 ஓங்கும். இரண்டும் சமமென்றால் விமானம் நடுக்கோட்டில் இருக்கிறது. இதே உத்தியில் இன்னொரு ஆண்டெனா, பெரும்பாலும் 3 டிகிரி சரிவில், இறங்கும் பாதையைக் காட்டுகிறது. கற்றை சற்றே பிசகினாலும் கண்காணிப்புக் கருவி சில நொடிகளில் அதை நிறுத்திவிடும். தவறாக வழிகாட்டுவதைவிட வாய்மூடியிருப்பது மேல் என்பதே இதன் தர்மம்.

ஜிபிஎஸ் சமிக்ஞையோ சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. தரையைத் தொடும்போது அது அவ்வளவு மெலிந்திருப்பதால், அருகிலுள்ள சிறு கருவிகூட அதை அமுக்கிவிடலாம். ஐஎல்எஸ்ஸையும் கெடுக்க முடியும்தான், ஆனால் அவ்வளவு எளிதாக அல்ல.

ஐஎல்எஸ் செலவு பிடிக்கும். ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக வேண்டும். அருகில் நிற்கும் விமானத்தில் பட்டுக்கூடக் கற்றை சிதறும் என்பதால், பனிக்காலத்தில் விமானங்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டவேண்டியிருக்கிறது. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே சிறு நிலையங்களுக்கு, ஜிபிஎஸ்ஸைத் துல்லியமாக்கும் இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் வசதி பெரிய வரம். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் அதன் துணையோடு இண்டிகோ விமானம் இறங்கிக் காட்டியது. ஆனால், 50 மீட்டர் தூரமே கண்ணுக்குத் தெரியும் அடர்பனியில் விமானத்தை இறக்கும் வல்லமை ககனுக்கு இல்லை. டெல்லியின் கேட் 3பி வகை ஐஎல்எஸ்ஸுக்கு உண்டு.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பது வேறு விஷயம். கேட் 3 பயிற்சி பெற்ற விமானிகளைப் பனிநாள்களில் பணிக்கு அனுப்பாததற்காக ஏர் இந்தியா, ஸ்பைஸ்ஜெட் இரண்டுக்கும் 2024 ஜனவரியில் தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

10ஆம் ஓடுபாதை ஜிபிஎஸ்ஸை நம்ப நேர்ந்ததே, அங்கே ஐஎல்எஸ் தரமுயர்த்தும் பணி நடந்ததால்தான். மேம்பாடு தேவைதான், செய்யட்டும். ஆனால் டெல்லி, லக்னோ, அமிர்தசரஸ் போன்ற பனி நகரங்களில் இத்தகைய பணிகள் நவம்பருக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் இருக்கிறதே என்று சொல்லி, அங்கே ஒரு முனையின் ஐஎல்எஸ்ஸைக்கூடக் கழற்றக் கூடாது.