நொச்சிப் போரும் நான்காம் கூறும்

செஞ்சிக் கோட்டையை 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை, அதைக் கைப்பற்ற 1698 வரை காத்திருக்க நேர்ந்தது. மதில்களின் உயரம் மட்டுமே அதற்குக் காரணமன்று. கோட்டைக்குள் களஞ்சியங்கள் இருந்தன, சுனைகள் இருந்தன. முற்றுகையில் ஒருநாள் வீரத்தைவிட, நாள்தோறும் தவறாமல் கிடைக்கும் உணவும் நீருமே பெரிது.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் முதலான தொற்றா நோய்களை எதிர்த்துப் 'போர்' தொடுப்பதாக அரசுகள் அடிக்கடி அறிவிக்கின்றன. எந்தப் போர் என்று புறத்திணை கற்றவர்களாவது கேட்க வேண்டும். பெரியம்மையோடு நடந்தது தும்பைப் போர். களத்தில் மோதி முடித்துவிட்டோம். நீரிழிவோடு நடப்பதோ நொச்சிப் போர். மதிலுக்குள் இருந்தபடி வாழ்நாள் முழுதும் காத்தாக வேண்டும்.

இந்நோய்களுக்கான தேசியத் திட்டத்தை நடுவணரசு 2010இல் தொடங்கியது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர் என மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2020இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் இருந்தார். மாத்திரை இலவசமாகவே கிடைத்தது. பின் எது குறைந்தது?

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். அந்த நான்காமவரைத்தான் நம் திட்டங்கள் மறந்திருந்தன. செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூரில் நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்லும் பெண், வலியே தராத ஒரு நோய்க்காக மாதந்தோறும் ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பாள் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியைத்தான் நிரப்ப முயன்றது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். மாத்திரைகளைக் கையில் கொடுத்தார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. அடுத்த கணக்கெடுப்பில் மேற்சொன்ன இரு விகிதங்களும் ஏறத்தாழ 17 விழுக்காடாக உயர்ந்தன. உயர்வு முழுவதும் இத்திட்டத்தால் மட்டுமே வந்தது என நான் சொல்ல மாட்டேன். ஆனால் திசை சரியானது.

உணவைத் திருத்தாமல் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுசெல்வது வீண் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. வள்ளுவரும் அந்த அதிகாரத்தில் பெரும்பாலும் உணவின் அளவைத்தான் பேசுகிறார். உண்மையே. ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்வதற்கும் அந்தச் சமையலறை வாசல்வரை செல்ல ஒருவர் வேண்டுமல்லவா? ஊரறிந்த பெண் சொன்னால் காதில் விழும். சுவரொட்டி சொன்னால் விழாது.

என் மனக்குறை வேறு. மருத்துவருக்குப் பணியிடம் உண்டு, ஊதியம் உண்டு. அந்தப் பெண்ணுக்கோ 'தன்னார்வலர்' என்ற பெயரும் ஊக்கத்தொகையும்தான். தன்னார்வம் என்பது நல்ல சொல்தான்; ஆனால் நாள்தோறும் செய்தே தீரவேண்டிய வேலைக்கு அதைச் சூட்டும்போது, கூலியைக் குறைப்பதற்கான சொல்லாக அது சுருங்கிவிடுகிறது. முடிவில்லாத முற்றுகை என்று தெரிந்தபின், கோட்டைக்குள் தானியம் சுமப்பவர்களை விருப்பப் பணியாளர்களாக வைத்திருக்கலாகாது. நான்காம் கூறுக்கும் நிரந்தரப் பணியிடமும் முறையான ஊதியமும் வேண்டும்.