கப்பல் ஏட்டில் எங்க சாதி

"எங்க தாத்தனோட அண்ணன் ஒருத்தர் நேட்டாலுக்குப் போனாரு. போனவரு போனவருதான்" என்று எங்க ஆயா சொல்லும். பேரு கேட்டால் தெரியாது. பேரு எழுதி வைக்க எங்களுக்கு ஏடு ஏது?

சில வருஷங்களுக்கு முன்னால் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எங்க ஊருக்கு வந்தது. கையில் கப்பல் பட்டியலின் நகல். ஊர்த்தெருவில் மாலை மரியாதை. கோயிலில் பரிவட்டம். 'கடல் கடந்த சோழன் வாரிசுகள்' என்று ஒரு பெரியவர் பேசினார். பிறகு யாரோ அந்தத் தாளை வாங்கிப் படித்தார்கள். சாதி என்ற கட்டத்தில் 'பறையன்' என்றிருந்தது. அதோடு பேச்சு நின்றது. ஒரு பையனைக் கூட அனுப்பி, சேரிக்கு வழி காட்டிவிட்டார்கள். அந்தம்மா அரைகுறைத் தமிழில் என்னிடம் கேட்டது: "தம்பி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் நம்பர், பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம்.

ஆசை காட்டி ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள் என்பது பாதி உண்மை. மீதியைச் சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. 1843-லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றாகிவிட்டது. பண்ணையில் படியாள் படியாளாகவே கிடந்தான். 1876-78 பஞ்சத்தில் முதலில் செத்தது யார்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கையே சாட்சி: உழுதவனுக்கு நிலமில்லை, குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. அங்கே போய் சொர்க்கம் கண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அஞ்சு வருஷக் கட்டு, முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங். மறுபடி கட்டு எழுதாமலும் ஊர் திரும்பாமலும் தங்கினால் வருஷம் 3 பவுன் வரி என்று 1895-ல் சட்டம் வந்தது. ஒரு நுகத்தடியிலிருந்து ஓடி இன்னொன்றில் மாட்டினார்கள். ஆனால் ஓடினார்கள்.

கர்ணம் கணக்கில் பட்டா உள்ளவனுக்குப் பேர் உண்டு. எங்களுக்கு இல்லை. கரும்புத் தோட்டக்காரனுக்காக வெள்ளைக்காரன் எழுதிய கணக்கில்தான் எங்க பாட்டன் தகப்பன் பேரோடு இருக்கிறான். பாசத்தில் எழுதவில்லை, ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினான். அந்தம்மா கொண்டுவந்த தாளில் கடைசிக் கட்டம்: 'முதுகில் தழும்பு'. கப்பல் ஏறும்போதே இருந்த தழும்பு அது. எங்கே வாங்கியது என்று ஊர்த்தெருக்காரர்கள் சொல்லட்டும்.

"எல்லாரும் தமிழர்தானே, அந்தக் கட்டத்தை மறைத்துவிடலாமே" என்று தமிழ்ப்பற்றாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஐயா, எங்க ஊரில் இன்னமும் சுடுகாடு ரெண்டு. முதலில் அதை ஒன்றாக்குங்கள். காகிதத்தை அப்புறம் பார்க்கலாம்.

மாணவத் தோழர்களே, சேரியில் கிழவிகள் சாவதற்குள் போய்க் கேளுங்கள்: யார் போனார்கள், எந்தத் தெரு, தகப்பன் பேர் என்ன? கேட்டதைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எங்க ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. நான் கேட்கப் பிந்திவிட்டேன்.