கடைசி 200 மீட்டருக்கு யார் பொறுப்பு?

2017 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஏழாம் கட்டம் நுயி-சான்-ஜார்ஜ் என்ற ஊரில் முடிந்தது. 213 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்த கூட்டத்திலிருந்து ஜெர்மனியின் மார்செல் கிட்டலும் நார்வேயின் எட்வால்ட் போவாசன் ஹாகனும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். பார்த்தவர்கள் யாராலும் வென்றவரைச் சொல்ல முடியவில்லை. எல்லைக்கோட்டுக் கேமராவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நடுவர்கள் கிட்டலின் பெயரை அறிவித்தார்கள். இடைவெளி 6 மில்லிமீட்டர்.

சாலைப் பந்தயத்தில் கோட்டை முதலில் தொட வேண்டியது வீரரின் உடல் அல்ல, முன்சக்கரத்தின் முன் விளிம்பு. அதற்கென்றே ஒரு வித்தை இருக்கிறது. கோட்டுக்கு ஓரிரு மீட்டர் இருக்கும்போது வீரர் கடைசி மிதியை முடித்து, இரு கைகளையும் விறைப்பாக நீட்டி, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுகிறார். உடல் பின்னுக்குப் போக, சைக்கிள் முன்னுக்குப் பாய்கிறது. கிடைப்பது சில அங்குலங்கள்தான். ஒரு கணம் முந்திச் செய்தால் வேகம் செத்துவிடும். பிந்தினால் பயனே இல்லை.

இந்தச் சில அங்குலங்களில் பெரிய பந்தயங்கள் கைமாறியிருக்கின்றன. 2004 மிலான்–சான்ரேமோவில் வெற்றி தன்னுடையது என்று நம்பி எரிக் ஸாபெல் கைகளை உயர்த்தினார். பக்கத்தில் ஆஸ்கர் பிரெய்ரே சைக்கிளை முன்னே தள்ளிக் கோப்பையைத் தட்டிச் சென்றார். 2024 ஆம்ஸ்டல் கோல்ட் மகளிர் பந்தயத்திலும் இதே கதைதான். லொரெனா வீபஸ் கொண்டாடத் தொடங்கிய நேரத்தில் மரியான் வாஸ் கடைசி வரை தள்ளி வென்றார். கடைசிப் பாய்ச்சலில் தேர்ந்த தலைசிறந்த ஸ்பிரின்டர்களுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் கோடு வரை எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடைசி 200 மீட்டரில் பிரேக் பிடிக்க நினைக்கிறவர் தோற்றுவிட்டார் என்றே பொருள். ஆபத்தின் முதல் வேர் இதுதான்.

இரண்டாவது வேர் காற்று. வேகம் கூடக் கூட, காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி அந்த வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப எகிறுகிறது. மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து 70 கி.மீ.க்கு ஏற, காற்றுக்காக மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். முன்னணி ஸ்பிரின்டர்கள் உச்சத்தில் 1,500 வாட்டுக்கு மேல் மிதிக்கிறார்கள். அந்த உச்சம் சில நொடிகளுக்குமேல் தாங்காது. அதனால்தான் அணித்தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக ரயில்போல நின்று, தங்கள் முதுகின் மறைவில் ஸ்பிரின்டரை ஏந்தி வருகிறார்கள். முன்னே போகிறவர் ஒவ்வொருவராகச் சக்தி தீர்ந்து விலக, கடைசித் தோழர் ஏறக்குறைய 200 மீட்டரில் வழிவிடுகிறார். எதிர்க்காற்று என்றால் ஸ்பிரின்டர் இன்னும் பொறுத்திருந்து கிளம்புவார். காற்று முதுகில் அடித்தால் சற்று முன்பே. எல்லோருக்கும் வேண்டியது அதே மறைவு, அதே நொடி. அதனால் ஒருவரின் பின்சக்கரத்துக்கும் மற்றவரின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை.

கிளம்பியபின் உடல் எப்படி இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கைகள் வளைந்த ஹேண்டில்பாரின் அடிப்பகுதியில். முழங்கை மடங்கி, முகவாய் முன்சக்கரத்தை நோக்கித் தாழ்ந்திருக்கும். கால் ஒரு பக்கம் மிதிக்க, சைக்கிள் மறுபக்கம் சாயும். 2024 ஜூலையில் சான்-வுல்பாவில் தன் 35ஆவது டூர் கட்ட வெற்றியை எடுத்து எடி மெர்க்ஸின் சாதனையை முறியடித்த மார்க் கேவண்டிஷ், இப்படித் தாழ்ந்து பாய்வதற்குப் பேர்போனவர். காற்றுக்கு உடலின் பரப்பு குறைகிறது, வேகம் கூடுகிறது. கூடவே பார்வையும் குறைகிறது. தலை குனிந்தவருக்கு முன்னே சில மீட்டர் சாலைதான் தெரியும். பக்கத்தில் யார் வருகிறார் என்பது தெரியாது.

இப்படி ஓட்டினால்தான் வெல்ல முடியும் என்று ஆகிவிட்ட பிறகு, விழுந்தவுடன் “யார் தள்ளினார்?” என்று மட்டும் கேட்பது பாதி விசாரணைதான்.

2020 ஆகஸ்ட் 5 அன்று போலந்து டூரின் முதல் கட்டம் கடோவிட்ஸ் நகரில் முடிந்தது. டிலன் குரூனவேகன் தன் பாதையிலிருந்து விலகி வர, வலப்புறம் முந்திக்கொண்டிருந்த ஃபாபியோ யாகப்சன் தடுப்புகளில் மோதினார். தடுப்புகள் பெயர்ந்து பறந்தன. மருந்தால் வரவழைத்த கோமாவில் வைக்கப்பட்ட யாகப்சன் பல பற்களை இழந்தார். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அவருடைய தாடையைச் சீரமைக்க வேண்டியிருந்தது. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அவருக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன.

தடை சரியே. ஸ்பிரின்டில் தேர்ந்தெடுத்த பாதையை விட்டு விலகிப் பிறருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் தெளிவான விதி. ஆனால் அந்த முடிவுப்பாதை இறக்கத்தில் இருந்தது. வீரர்கள் மணிக்கு 80 கி.மீ. அளவில் வந்தார்கள். 60 கி.மீ.யில் மோதுவதைவிட 80 கி.மீ.யில் மோதும்போது உடல் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. அந்த இறக்கத்தைப் பற்றி வீரர்கள் முன்பே குறை சொல்லியிருந்தார்கள். கோட்டை அங்கே போட்டது குரூனவேகன் அல்ல. மோதியதும் சிதறிப்போன தடுப்புகளை நிறுத்தியதும் அவர் அல்ல.

இது புதிய பாடமும் அல்ல. 1991இல் பாரிஸின் ஷான்செலிசேயில் சாலையோரத் தடுப்பில் மோதி ஜமோலிதீன் அப்துஜபரோவ் தூக்கி எறியப்பட்டார். 1994இல் ஆர்மோன்தியேரில், புகைப்படம் எடுக்கச் சாலைப்பக்கம் சாய்ந்து நின்ற காவலர்மீது வில்ஃப்ரீட் நெலிசன் மோத, லோரான் ஜலாபேரும் சேர்ந்து விழுந்தார். இரண்டாவது விபத்தில் எந்த வீரரின் மீதும் பழி போட வழியே இல்லை.

வீரர்களைக் கட்டுப்படுத்த முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2024 டூரில் தீஜோனில் வௌட் வான் ஆர்ட்டைத் தடுப்பை நோக்கி நெருக்கியதற்காக யாஸ்பர் பிலிப்சன் தரம் இறக்கப்பட்டார். 2025 முதல் மஞ்சள் அட்டை முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றம், ஏழு நாள் தடை. ஒட்டுமொத்த நேரத்துக்காக ஓட்டுபவர்கள் கடைசி 3 கி.மீ.யில் விழுந்தால் நேர இழப்பு இல்லை என்ற சலுகையை, தேவைப்படும் கட்டங்களில் 5 கி.மீ. வரை நீட்டவும் இப்போது இடமுண்டு. ஸ்பிரின்டர்களோடு முட்டிமோத வேண்டிய அவசியம் அவர்களுக்குக் குறைகிறது. முன்வரிசையில் நெரிசல் தளர்கிறது. இவற்றில் கடைசி மாற்றம்தான் மிகுந்த பயனுள்ளது. அது விபத்துக்கு முன்பே வேலை செய்கிறது. அட்டையும் தடையும் எலும்பு முறிந்தபின் வருபவை.

அதே முன்யோசனை சாலைக்கும் வர வேண்டும். கூட்டமாகப் பாய்ந்து முடியும் கட்டங்களில் கோடு இறக்கத்தில் இருக்கவே கூடாது. கடைசிச் சில நூறு மீட்டருக்குத் தடுப்புகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, சாலைக்குள் கால் நீட்டாமல், மோதுபவரை வழுக்கி முன்னே அனுப்பும்படி சாய்ந்திருக்க வேண்டும். கடைசி கிலோமீட்டரில் ரவுண்டானாவும் கூர்த் திருப்பமும் தவிர்க்கப்பட வேண்டும். வரைபடத்தை இறுதி செய்யும் முன் ஸ்பிரின்டர்களின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெரிய பந்தயங்கள் பல இவற்றில் சிலவற்றைச் செய்யத் தொடங்கிவிட்டன. விருப்பமாக இருப்பது விதியாக மாற வேண்டும்.

வேகம் குறைந்தால் ஸ்பிரின்டின் சுவை போய்விடும் என்பவர்கள் உண்டு. நுயி-சான்-ஜார்ஜின் 6 மில்லிமீட்டரைச் சுவையாக்கியது சக்கரங்களின் நெருக்கம், வேகத்தின் அளவு அல்ல. யாகப்சன் மீண்டு வந்து 2021 ஸ்பெயின் வூவெல்டாவில் மூன்று கட்டங்களையும் புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையையும் வென்றார். 2022 டூரின் இரண்டாம் கட்டத்தை அவர் வெல்ல, மறுநாள் வென்றவர் குரூனவேகன். எல்லோருக்கும் அப்படி ஒரு மறுவாழ்வு கிடைப்பதில்லை. பாதையை விட்டு விலகும் வீரருக்கு அட்டை காட்டும் சம்மேளனம், இறக்கத்தில் கோடு போடும் அமைப்பாளருக்கு அடுத்த ஆண்டு அனுமதி மறுக்கவும் முன்வர வேண்டும்.