எந்தப் பக்கம் இழுத்தீர்கள்?

சில மாதங்களுக்கு முன் நம்மிடம் படித்த பழைய மாணாக்கன் ஒருவன் வந்திருந்தான். கன்னங்கரேலென்று ஒரு கைத்தடிப் பிடியை எடுத்து நம் மேஜைமீது வைத்தான். "ஸார், அப்பாவுக்காக நானே வரைந்து, முப்பரிமாண அச்சு யந்திரத்தில் செய்தது. உள்ளே கார்பன் நார் இருக்கிறது. அலுமினியத்துக்குச் சமானமான பலம்!" என்றான். கையோடு ஒரு விளம்பரத் தாளையும் காட்டினான். அதில் பலத்தைக் குறிக்கும் எண் ஒன்றே ஒன்று கொட்டை எழுத்தில் இருந்தது. நாமும் அதைப் பார்த்துவிட்டு, "சபாஷ்!" என்று முதுகில் தட்டி அனுப்பினோம்.

பதினைந்து நாள் கழித்து அவன் மறுபடி வந்தபோது பிடி இரண்டு துண்டாக இருந்தது. தகப்பனார் திண்ணையிலிருந்து இறங்கும்போது தடியின்மேல் பாரத்தைப் போட்டிருக்கிறார், பிடி முறிந்துவிட்டது. நல்ல வேளையாக, மணிக்கட்டுப் பிசகியதோடு போயிற்று. "சபாஷ்" போட்ட நமக்கும் இதில் பங்கு உண்டு அல்லவா?

முறிந்த இடத்தை உற்று நோக்கினோம். கத்தியால் அறுத்ததுபோல் மட்டமாயிருந்தது. அறுந்த நார் ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. விஷயம் விளங்கிவிட்டது.

முறுக்குப் பிழியும் வீட்டில் இந்த யந்திரத்தைப் பற்றி விளக்குவது சிரமமன்று. சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கை மெல்லிய இழையாகப் பிழிந்து, ஒரு படலத்தின்மேல் மற்றொரு படலமாக அது அடுக்கிக்கொண்டு போகிறது. 2014-ம் ஆண்டில் மார்க்ஃபோர்ஜ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி, நைலானோடு அறுபடாத கார்பன் நாரையும் சேர்த்து இடும் யந்திரத்தை அறிமுகப்படுத்தியது. ஒரு மில்லிமீட்டரில் 100-ல் ஒரு பங்குகூடத் தடிப்பில்லாத இந்நார்கள், நீளவாட்டில் இழுத்தால் அபார பலம் காட்டும். ஆனால் நார் அந்தந்தப் படலத்துக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. கீழ்ப் படலத்தை மேல் படலத்தோடு தைப்பதில்லை. அங்கே பிடிப்பாக இருப்பது பிளாஸ்டிக் மாத்திரமே. அதற்கிடையிலும் நுண்ணிய காற்று இடைவெளிகள் உண்டு. மூங்கிலை இழுத்து அறுக்க யானை வேண்டும். பிளப்பதற்கு ஒரு வெட்டுக்கத்தி போதும்.

பையன் பிடியை நிமிர்த்தி வைத்து அச்சிட்டிருந்தான். ஆகவே படலங்கள் பிடிக்குக் குறுக்கே அமைந்துவிட்டன. தகப்பனாரின் பாரம் பிடியை வளைத்தபோது, நாரை இழுக்கவில்லை, படலங்களைப் பிரித்தது.

இத்தகைய பொருள்களைப் பரீட்சிக்க முறைகள் இல்லாமலில்லை. 1898-ல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.எஸ்.டி.எம். ஸ்தாபனத்தின் டி3039 என்ற விதி அவற்றில் ஒன்று. நாரின் வழியே இழுப்பதற்கு 250 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு. நாருக்குக் குறுக்கே இழுப்பதற்கு 175 நீளம், 25 அகலம், 2 கனமுள்ள துண்டு என்று அது அளவு சொல்லுகிறது. துண்டின் இரு முனைகளையும் யந்திரம் கவ்விக்கொண்டு, நிமிஷத்துக்கு 2 மில்லிமீட்டர் வீதம் மெதுவாக இழுக்கும். தாங்கிய உச்ச பாரத்தைத் துண்டின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் பலம் கிடைக்கும். ஒரு துண்டோடு நிறுத்திவிடக் கூடாது. வகைக்கு ஐந்தாவது வேண்டும். எந்த இடத்தில், எவ்விதமாக முறிந்தது என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

அச்சிட்ட பொருளுக்கு இவ்விரண்டு திசைகளும் போதா. படலங்களைப் பிரிக்கும் மூன்றாவது திசையிலும் இழுத்துப் பார்த்தாலன்றி அதன் உண்மைப் பலம் தெரியாது. விளம்பரத் தாளில் இருந்த எண் பொய்யன்று. ஆனால் அது நாரின் வழியே இழுத்துக் கண்ட எண். மற்ற இரண்டு எண்களைப் பையன் கேட்கவில்லை. அவனுக்குப் பாடம் சொன்ன நாமும் கேட்கவில்லை.

ஆகையால் நேயர்கள் இப்படிப்பட்ட எண்ணைக் காணும்போது, "எந்தப் பக்கம் இழுத்தீர்கள்? எத்தனை துண்டுகளை இழுத்தீர்கள்?" என்று தயங்காமல் கேட்பார்களாக.

பையன் பிறகு, நார் பிடியின் நீளவாட்டில் ஓடும்படி படுக்கவைத்து ஆறு பிடிகளை அச்சிட்டான். ஐந்தைத் தடியில் மாட்டி, மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, முறியும்வரை பாரம் ஏற்றினான். அவற்றில் மிகவும் நோஞ்சானாக இருந்ததுகூடத் தகப்பனாரின் எடையைப்போல் மும்மடங்கு தாங்கிற்று. அதன் பிறகே ஆறாவது பிடி வீட்டுக்குப் போயிற்று.

பெரியவர் இப்போது அதை ஊன்றிக்கொண்டுதான் திண்ணையிலிருந்து இறங்குகிறார். ஆனால் இறங்குமுன் பிடியை ஒருதரம் அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.