எல்லாருக்கும் ஒரே கோலி

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் நண்பன் கேட்டான்: "மாப்ள, எந்த ஆல்ரவுண்டர எடுக்கலாம்?" கம்ப்யூட்டர் படிச்சவனுக்குத் தெரியுமாம். நானும் எக்செல்லில் வரிசைப்பட்டியல் போட்டுக்கொடுத்தேன். வெட்கக்கேடு.

அமெரிக்க ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்டில் ஒருவர் எடுத்த வீரரை அந்த லீக்கில் இன்னொருவர் எடுக்க முடியாது. நல்ல ரன்னிங் பேக் தீர்ந்துபோவார். அதனால் இடவாரி வரிசைக்கு அங்கே பொருளுண்டு. நம்மூர் கிரிக்கெட் செயலிகளில் அதே கோலியை லட்சம் பேரும் எடுக்கலாம். எதுவும் தீராத சந்தையில் வரிசை எதற்கு? மிஞ்சுவது, யாரை கேப்டனாக்கி இரட்டைப் புள்ளி வாங்குவது என்ற ஊகம்தான்.

2017-இல் டிரீம்11 வழக்கில் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் இதைத் திறமையாட்டம் என்றது. லட்சம் பேர் மோதும் போட்டியில் அந்தத் திறமை எத்தனை ரூபாய் பெறும்? 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்குள் என் பட்டியலை நம்பி ஒரு சீசன் தறிக்கூலியைக் கட்டியிருந்தான்.