மரத்தில் ஒரு மலபார் பிரின்சஸ்



நம் கோவை வார்ப்படத் தொழிலில் பேட்டர்ன் தச்சர்கள் உண்டு. பம்பின் வடிவத்தை முதலில் மரத்தில் இழைத்துத் தருபவர்கள் இவர்களே. அதனை மணலில் பதித்தெடுத்த பின்னரே உருகிய இரும்பு ஊற்றப்படும். இத்தகைய கைகளுக்கும் சோதனையாக அமையக்கூடியது பழைய கான்ஸ்டெலேஷன் விமானத்தின் மரமாதிரி.

இக்காலப் பயணி விமானத்தின் உடல் பெரும்பாலும் நேரான குழாய். கடைசலில் பிடித்தே பெரும்பகுதியை முடித்துவிடலாம். கான்ஸ்டெலேஷனோ மீனைப் போல் வளைந்தது. மூக்கு தாழ்ந்தும் வால் உயர்ந்தும் இருப்பதால், அட்டையில் வெட்டிய வளைவுகளை இடத்துக்கு இடம் மாற்றி வைத்துப் பார்த்து, உளியும் அரமும் கொண்டு சிறிது சிறிதாகக் குறைத்து வரவேண்டும். வாலில் மூன்று துடுப்புகள் வேறு! ஒன்று சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும்.

1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 'மலபார் பிரின்சஸ்' என்பது அதன் பெயர். 1950 நவம்பர் 3 அன்று, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், அது ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலைமேல் மோதி நொறுங்கியது. 48 பேரும் மாண்டனர். பயணிகளில் பெரும்பாலோர் கப்பல் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த இந்திய மாலுமிகள்.

இம்மாதிரியை இல்லத்தில் வைப்போர், பீடத்தில் முதற்பயண நாளோடு அந்த நவம்பர் நாளையும் பொறிக்கச் சொல்வதே முறையென்பேன். பிள்ளைகள் காரணம் வினவுவார்கள், வினவட்டுமே.